பேசின் பாலத்தில் பேசியது யார்?

கூட்டம் முடிந்து, ஒலிபெருக்கிக்காரர் கம்பியைச் சுருட்டத் தொடங்கும் வேளையிலேதான் அந்தச் சீட்டுகள் வரும்! பேச்சின் நடுவே வருபவை வேறு. "விலைவாசி பற்றிப் பேசுக", "மாற்றாரின் வசைக்கு விடை தருக" என்று மேடைக்கு ஆணையிடுபவை அவை. முடிவிலே வருபவை தனி இனம். சிகரெட்டு அட்டையின் உட்புறத்திலும், பேருந்துச் சீட்டின் முதுகிலும், மருந்துக்கடை ரசீதின் ஓரத்திலும் எழுதப்பட்டவை. அவற்றிலே அரசியல் இராது, ஆவல் இருக்கும். "எங்கள் தெருவுக்கு ஏன் இந்தப் பெயர்? அந்தக் கல் தூண் யார் நட்டது? தாத்தா சொன்ன கதை மெய்யா?"

வடசென்னையிலே பேசப் போகும்போதெல்லாம் சேர்ந்த இத்தகைய சீட்டுகள் ஒரு பை நிறைய நம்மிடம் கிடக்கின்றன. கேட்டவர்கள் எவரும் கல்லூரி வாயிலை மிதித்தவர்களல்லர். துறைமுகத்திலே மூட்டை தூக்குவோர், மீன் ஏலம் விடுவோர், பட்டறையிலே இரும்பு அடிப்போர். கேள்விகளோ, வரலாற்றுப் பேராசிரியர்களை விழிக்க வைப்பவை! மேடையிலே நேரமில்லை என்று மழுப்பிவிட்டு வந்தோம். ஏட்டிலே மழுப்ப முடியாதல்லவா?

வியாசர்பாடித் தோழர் ஒருவர் கேட்கிறார்: "பேசின் பிரிட்ஜ், பேசின் பிரிட்ஜ் என்கிறார்களே, அங்கே பேசினது யார்? என்ன பேசினார்?"

குறும்புக்காரர்! ஆனால் கேள்வியில் குற்றமில்லை. யாரும் பேசவில்லை, தோழரே. படகுகள் வந்து ஒதுங்கி நின்று சரக்கு இறக்குவதற்காக வெட்டப்பட்ட நீர்த்துறைக்கு ஆங்கிலத்திலே பேசின் என்று பெயர். வடக்கே எண்ணூர் வரை 1806-இல் வெட்டி முடித்த உப்புநீர்க் கால்வாயின் நகரத்து முனை இங்கே இருந்தது. விறகும் உப்பும் நெல்லும் அவ்வழியே படகிலே வந்தன. துறை தூர்ந்தது, படகு போயிற்று, பாலம் நின்றது, பெயரும் நின்றது.

அதன் பக்கத்திலேயே இன்னொரு வேடிக்கை உண்டு. ரயில்வே சரக்கு நிலையத்தைச் 'சால்ட் கோட்டர்ஸ்' என்கிறோம். உப்புக்காரர்கள் குடியிருந்த 'குவார்ட்டர்ஸ்' என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அல்ல! அது நம் 'கொட்டாரம்'! தானியமும் உப்பும் குவித்து வைக்கும் களஞ்சியத்துக்குத் தமிழன் வைத்த பெயர். வெள்ளைக்காரன் நாவிலே அது கோட்டர் ஆயிற்று; அவன் எழுத்திலிருந்து நாம் திரும்ப வாங்கியபோது நம் பிள்ளையை நமக்கே அடையாளம் தெரியவில்லை. உப்புக் கொட்டாரம் என்று சொல்லிப் பாருங்கள், நாக்குக்கும் நன்றாயிருக்கிறது.

அடுத்த சீட்டு, யானைக்கவுனியிலிருந்து. "வால்டாக்ஸ் ரோடு என்பதில் வால் எது?"

வால் அல்ல, மதில்! மதில் வரிச் சாலை என்பது பொருள். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

இன்றைக்கு உயர்நீதிமன்றம் நிற்கிறதே, அந்த இடத்திலேதான் முதலாவது கறுப்பர் நகரம் இருந்தது. கோட்டைக்குள்ளே வெள்ளையர், கோட்டைக்கு வெளியே நம்மவர். ஊருக்கு அவர்கள் வைத்த பெயரே கறுப்பர் நகரம்! 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-இல் திருப்பிக் கொடுத்தார்கள். பகைவன் மறைந்திருந்து சுட நம்மவர் வீடுகள் இடம் தருகின்றன என்று கண்டு, கோட்டையை ஒட்டிய குடியிருப்பு தரைமட்டமாக்கப்பட்டது. அதிலிருந்தவர்கள் வடக்கே நகர்ந்தார்கள். இடித்த இடத்திலே மீண்டும் எவனும் வீடு கட்டலாகாது என்று எல்லை குறித்து 1773-இல் கற்றூண்கள் நட்டார்கள். பாரிமுனையிலே டேர் ஹவுஸ் ஓரமாக இன்றும் ஒன்று நிற்கிறது. நாள்தோறும் ஆயிரம் பேர் அதன் அருகே பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள். 'அந்தக் கல் தூண் யார் நட்டது' என்று கேட்ட தண்டையார்பேட்டைத் தோழருக்கும் விடை இதுவே.

1769-இல் ஐதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாயிலுக்கே வந்து, கும்பினியாரைத் தன் விருப்பப்படி உடன்படிக்கை எழுத வைத்தது. அந்தக் காலத்து நடுக்கத்திலே எழுந்தது, புதிய கறுப்பர் நகரத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் நெடுமதில். குத்தகை எடுத்தவன் பால் பென்பீல்டு என்ற கும்பினி ஊழியன். சம்பளம் சிறிது, சம்பாத்தியமோ பெரிது! ஆர்க்காட்டு நவாபுக்கு வட்டிக்கு விட்டு வளர்ந்த இவனைத்தான் 1785-இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்திலே எட்மண்டு பர்க்கு கிழித்தெறிந்தார். அப்படிப்பட்டவன் கட்டிய மதிலுக்கு யார் பணம் கொடுப்பது? உள்ளே இருக்கும் நீங்கள்தான் என்று கும்பினி நகரத்தாரைப் பார்த்தது. மதில் வரி விதிக்கத் திட்டமிட்டார்கள். மக்கள் முணுமுணுத்தார்கள், சட்டம் இடம் தருமா என்ற ஐயமும் எழுந்தது. வரி வசூலாகவேயில்லை! கொடுக்காத வரிக்குப் பெயர் தாங்கி ஒரு சாலை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்கிறது. வரி ஏய்ப்புக்குச் சிலை வைத்த ஊர் உலகில் வேறு உண்டா, தெரியாது.

மதிலின் மேற்கு வரிசை அந்தச் சாலை. வடக்கு வரிசையின் எச்சத்தைப் பார்க்க விரும்புவோர் பழைய சிறைச்சாலைச் சாலைக்குப் போங்கள். மதிலின் மிச்சத்தின் மேலேயே மாநகராட்சி அமைத்த மாடிப் பூங்கா இருக்கிறது. சாலைக்கு இன்று வ.உ.சி. சாலை என்று பெயர். 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்துச் சிறை சென்று, 1912-இல் விடுதலையாகி, இந்தச் சென்னையிலே அரிசிக்கும் அல்லலுற்ற அந்தப் பெருமகனின் பெயர், சுமைக்காரர் நிறைந்த அந்தச் சாலைக்குப் பொருந்துகிறது. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், "வால்டாக்ஸா?" என்பார்.

இராயபுரத்துச் சீட்டு ஒன்றுக்குச் சுருங்கவே விடை தருவோம். இராயபுரம் என்றாலே நம்மவர்க்கு ராபின்சன் பூங்காவும் 1949 செப்டம்பர் 17-ஆம் நாளின் கொட்டும் மழையும் அண்ணாவின் குரலும்தான் நெஞ்சில் எழும். தோழர் கேட்பதோ ரயில் பற்றி. ஆம், தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்டது உங்கள் நிலையத்திலிருந்துதான். 1856-ஆம் ஆண்டு, வாலாஜா வரை. சென்ட்ரல் அதற்குப் பதினேழு ஆண்டு இளையது. இராயபுரம் என்ற பெயர் இராயப்பர், அதாவது பீட்டர், பெயரால் அமைந்த படகோட்டித் தொழிலாளரின் கோவிலையொட்டி வந்தது என்பர். துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பலிலிருந்து துரைமாரையும் மூட்டைகளையும் அலையைக் கடந்து கரை சேர்த்தவர்கள் அந்தப் படகோட்டிகளே.

இனி வருவது நம்மை வெகுநேரம் உட்கார வைத்த சீட்டு. பெயர் போடவில்லை. "நான் பிறந்தது வண்ணாரப்பேட்டையில். எங்கள் குலமும் அதுவே. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது முகவரியை ஆங்கிலத்தில்தான் எழுதுவேன். தமிழில் எழுதினால் படிப்பவன் முகம் மாறும். ஓர் ஊருக்கு இப்படியா பெயர் வைப்பார்கள்?"

தோழா, 1639-இல் பிரான்சிஸ் டே என்பவன் இந்த மணல்மேட்டைக் கும்பினிக்காகத் தேர்ந்தானே, எதற்கு? துறைமுகம் உண்டா? இல்லை. ஆற்றிலே கப்பல் நுழையுமா? நுழையாது. இங்கே துணி நயமானது, மற்ற இடங்களைவிட மலிவானது என்பதற்காகவே! தறியிலிருந்து இறங்கும் துணி பழுப்பாயிருக்கும். அதை நீரிலே வெளுத்து, வெயிலிலே உலர்த்தி, மடித்துக் கொடுத்தால்தான் இலண்டன் சந்தையிலே விலை போகும். நெய்தவனுக்குச் சிந்தாதிரிப்பேட்டை எழுந்தது 1734-இல். சின்னத் தறிப் பேட்டை என்பதே அப்படி மருவிற்று. வெளுத்தவனுக்கு எழுந்தது உங்கள் பேட்டை. அழுக்குத் துணி துவைக்க அமைந்த ஊரல்ல அது. ஒரு வாணிபப் பேரரசின் முதல் சரக்கைப் பக்குவம் செய்த தொழிற்சாலை, கூரையில்லாத தொழிற்சாலை! தெருக்களுக்குத் தம்புச் செட்டி, லிங்கிச் செட்டி என்று தரகர்களின் பெயர் தனித்தனியே இருக்கிறது. வெளுத்தவர்களில் ஒருவர் பெயரும் கிடைக்கவில்லை, கூட்டமாகத்தான் எழுதிவைத்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டால் உங்கள் கூச்சம் போய்விடுமா? போகாது என்பதை அறிவோம். படிப்பவனின் முகம் மாறுவது வரலாறு தெரியாததால் மட்டுமல்ல, பிறப்பால் உயர்வு தாழ்வு என்ற நோய் அவன் கண்ணிலே இருப்பதால். அந்த நோய்க்குப் பெரியார் தந்த மருந்தை அவன் இன்னும் விழுங்கவில்லை. தொழிலின் பெயர் குலத்தின் பெயராகி, குலத்தின் பெயர் வசையாகிய கொடுமைக்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கம் அவனுக்கு உரியது. அடுத்த விண்ணப்பத்திலே தமிழில் எழுதுங்கள் என்று இங்கிருந்து சொல்லுவது எளிது. வேலை தேவைப்படுபவர் நீங்கள், முடிவும் உங்களுடையதே.

காசிமேட்டு நண்பருக்கு நாம் சொல்லப்போவது கசக்கும். "எம்டன் கப்பலில் வந்து சென்னை மீது குண்டு போட்டவர் நம் தமிழர் செண்பகராமன்தானே? இதை ஏன் நம் ஏடு பெரிதாக எழுதவில்லை?"

நிகழ்ச்சி மெய், நாள் 1914 செப்டம்பர் 22, இரவு. ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் கரையருகே வந்து, அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை எறிந்தது. பர்மா எண்ணெய்க் கும்பினியின் தொட்டிகள் தீப்பற்றின. கரையோரம் பகல்போல் ஆயிற்று என்பார்கள். நகரமே மூட்டை கட்டிற்று. கதிரவன் மறையாத பேரரசு என்ற மார்தட்டல் அன்றிரவு கொஞ்சம் நின்றது! உயர்நீதிமன்ற மதிலோரத்திலே நினைவுக்கல் இருக்கிறது, போய்ப் பாருங்கள். கப்பல் அதே ஆண்டு நவம்பரில் கோக்கசுத் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டு ஒழிந்தது. ஆனால் சொல் நம்மிடம் தங்கிவிட்டது. "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்லுகிறோம். 2006-இல் 'எம்டன் மகன்' என்று ஒரு திரைப்படத்துக்குப் பெயரிட்டார்கள். தமிழ்ப் பெயருக்கே வரிவிலக்கு என்றதும் 'எம் மகன்' ஆயிற்று. தாத்தாக்களோ எம்டன் தமிழ்ச்சொல் என்றே சத்தியம் செய்வார்கள்.

இனி, செண்பகராமன். அவர் வீரர், ஜெர்மனியில் இருந்துகொண்டு வெள்ளையனை எதிர்த்தவர், தமிழர். யாவும் மெய். ஆனால் தோழரே, 1914 ஜூன் மாதத்தில் அவர் சுவிட்சர்லாந்து நாட்டு சூரிச் நகரிலே இந்திய ஆதரவுக் குழுவுக்குத் தலைவராயிருந்தார். அக்டோபரில் பெர்லின் போனார். எம்டனோ ஜூலை இறுதியிலே சீனக் கரையிலுள்ள சிங்தாவ் துறையை விட்டுப் புறப்பட்டது. பசிபிக் தீவுகள் வழியே வங்கக் கடலுக்கு வந்தது. ஐரோப்பாவின் பக்கமே திரும்பவில்லை. சூரிச்சில் இருந்தவர் எங்கே ஏறுவார்? விமானம் ஏறிப் பாய்ந்தாரா? புராணத்துக்குக் கணக்குக் கேட்கும் நாம், நமக்கு இனிக்கும் கதைக்குக் கணக்குக் கேட்காமலிருந்தால் அது பகுத்தறிவாகுமா? நம் மேடைகளிலும் இந்தக் கதையைச் சிலர் முழங்கியதுண்டு. நாமும் கேட்டுக் கைதட்டியிருக்கிறோம். செய்யாத செயலைச் சூட்டித்தான் அவரைப் பெரியவராக்க வேண்டும் என்ற நிலையில் செண்பகராமன் இல்லை.

கடைசிச் சீட்டு பெரும்பாக்கத்திலிருந்து பாரிமுனைக்கு வரும் பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுதப்பட்டது. "நாங்கள் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் மூன்று தலைமுறை இருந்தோம். ஆக்கிரமிப்பு என்று இங்கே கொண்டுவந்து விட்டார்கள். வேலை இன்னும் பழைய இடத்தில்தான். பக்கிங்காம் யார்? அந்தக் கால்வாயை வெட்டியது அவர்தானா?"

பக்கிங்காம் கோமகன் 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநர். மண்வெட்டி பிடித்தவரல்லர்! பழைய எண்ணூர்க் கால்வாய் நீண்டுகொண்டே போய், ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீர்வழியாயிற்று. நகரத்துக்கு நடுவே, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் மட்டும் இணையாமல் கிடந்தது. அதை இணைத்தவர்கள் பஞ்சத்தார்.

1876-இல் மழை பொய்த்தது. மாகாணம் முழுவதும் வயல் வெடித்தது. 1877 சனவரி முதல் நாள் டில்லியிலே லிட்டன் பிரபு தர்பார் கூட்டி விக்டோரியாவைப் பேரரசி என்று முழங்கினார். விருந்துக்கு மேல் விருந்து! அந்த மாதமே பஞ்சச் செலவைக் குறைக்க ரிச்சர்டு டெம்பிள் என்பவரைத் தெற்கே அனுப்பினார். நிவாரண வேலையில் மண் சுமப்பவனுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் கையில் சில்லறைக் காசும் போதும் என்றார் டெம்பிள். ஒரு ராத்தல் என்பது நம் கணக்கில் அரைக்கிலோவுக்கும் குறைவு. கடப்பாரை பிடிப்பவனுக்கு! மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த கார்னிசு என்ற வெள்ளைக்கார மருத்துவரே, இது உயிரைக் குடிக்கும் கூலி என்று எதிர்த்து எழுதினார். அவரை மறக்கலாகாது. தொழிலாளர்களும் வாளாவிருக்கவில்லை. இந்தக் கூலிக்கு மண் தொடோம் என்று நிவாரண வேலைகளிலிருந்து கூட்டங் கூட்டமாக வெளியேறினார்கள். சங்கம் இல்லை, கொடி இல்லை, பட்டினி வயிறு, ஆனாலும் வேலைநிறுத்தம்! கூலி பிறகு உயர்த்தப்பட்டது. அதற்குள் செத்தவர்கள் செத்தார்கள்.

அந்தப் பஞ்ச ஆண்டுகளிலே, சிற்றூர்களை விட்டுச் சென்னையை நோக்கி ஊர்ந்து வந்த எலும்புக்கூடுகளைக் கொண்டு வெட்டப்பட்டதே நடுநகரத்துக் கால்வாய். வெட்டி முடித்ததும் 1878-இல் ஆளுநரின் பெயரைச் சூட்டினார்கள். அதே காலத்தில் பெரம்பூர்ப் பக்கம் எழுந்த நூற்பாலைக்கும் அவர் பெயரே. பிறகு கர்நாடிக் ஆலையோடு சேர்ந்து நம்மவர் நாவிலே 'பின்னி' என்றான அதே ஆலைதான். பக்கிங்காம் பெயர் தாங்கிய அந்த ஆலைத் தொழிலாளர்கள்தாம் 1918-இல் திரு.வி.க., வாடியா ஆகியோர் துணை நிற்கச் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். பஞ்சத்தில் வந்தவர்களின் பேரர்கள் அதிலே எத்தனை பேரோ, யார் எண்ணினார்கள்?

கால்வாயிலே படகு நெடுங்காலம் ஓடிற்று. பாவேந்தர் பாரதிதாசன் மாமல்லபுரத்துக்கு அவ்வழியே படகில் போனதை 'மாவலிபுரச் செலவு' என்று பாடினார். நிலவையும் நீரையும் மட்டுமா கண்டார்? கரையிலே கயிறு கட்டிப் படகை இழுத்தவனின் தோளையும் கண்டார். பிறகு 1960-களின் புயல்கள் கரைகளை உடைத்தன, சரக்குந்துகள் பெருகின, படகு நின்றது, நகரம் தன் சாக்கடையை அதிலே திருப்பிவிட்டது.

இப்போது உங்கள் கேள்வியின் சொல்லாத பாதிக்கு வருவோம். கால்வாய் குறுகிவிட்டது, வெள்ளம் வடியவில்லை, ஆகவே குடிசையை அகற்று என்கிறார்கள். வெள்ளம் வந்தால் முதலில் முழுகுவது கரைக் குடிசைதான் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் கால்வாயின் வயிற்றிலேயே வரிசையாகத் தூண்களை நட்டுப் பறக்கும் ரயில் ஓடுகிறதே, 1990-களிலிருந்து? அந்தத் தூணை ஆக்கிரமிப்பு என்று எழுத எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை! குடிசைக்கு மாற்று வீடு தந்தது நன்று. அந்த வீடு வேலை செய்யும் இடத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அமைந்ததே, அது நன்றா? எந்த ஆட்சி நடந்தபோது என்று கணக்குப் பார்க்காமலே இதைக் கேட்கிறோம். நம்மவர் ஆட்சியானாலும் கேட்போம். வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் விடியலுக்கு முன்னே பேருந்துக்கு நிற்கும் பெண்கள் அந்தக் கணக்கை நன்றாக அறிவார்கள்.

சீட்டின் ஓரத்திலே, இடமில்லாத இடத்திலே, இன்னொரு வரி நெருக்கி எழுதியிருக்கிறீர்கள்: "மறுபடி அதில் படகு ஓடுமா?" 2008-இல் அந்தக் கால்வாயையும் உள்ளடக்கித் தேசிய நீர்வழி நான்கு என்று டில்லி அறிவித்திருக்கிறது. அறிவிப்பு ஏட்டிலே இருக்கிறது. மயிலாப்பூர்ப் பக்கம் கால்வாயிலே தூண் இருக்கிறது.